கேன்டீன்ல வடை சாப்பிட்டாங்களா? தோஹாவில் நம்ம மாறன் என்ன செஞ்சார்னு கேளுங்க!



போன வாரம் எங்க காலேஜ் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு சண்டை. வழக்கமான சண்டைதான். ஒரு நண்பன் போட்டான்: "39 பேரை டெல்லிக்கு அனுப்புறீங்க. நாடாளுமன்ற கேன்டீன்ல வடை சாப்பிட்டதைத் தவிர என்ன கிழிச்சாங்க? வெளிநாட்டு விவகாரம் எல்லாம் தேசியக் கட்சி பார்த்துக்கும். உங்களுக்கு எதுக்கு அது?"

நானும் வழக்கம்போல ஒரு மீம் எடுத்து அடிச்சேன். 36 லைக் வந்துச்சு. ஆனா ராத்திரி படுத்தப்ப மனசு ஒப்பல. அவன் கேட்டது கேள்வி. நான் கொடுத்தது பதில் இல்லையே!

நாமளும் ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 17 அன்னைக்கும் நவம்பர் 23 அன்னைக்கும் முரசொலி மாறன் படத்தைப் போட்டு, "டெல்லியை அதிர வைத்தவர்", "கலைஞரின் மனசாட்சி"ன்னு எழுதிட்டுப் போயிடறோம். அவர் என்னத்தை அதிர வைச்சார்னு யாராவது திருப்பிக் கேட்டா நம்மள்ல எத்தனை பேர் பதில் சொல்லுவோம்? எனக்கே சரியாத் தெரியாது. அவர் தோஹாவுக்குப் போனப்ப நான் தொட்டில்ல இருந்தேன்.

அதனால உட்கார்ந்து படிச்சேன். படிச்சதை உங்களுக்குச் சொல்றேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க. அடுத்த தடவை வடை கேள்வி வந்தா மீமுக்குப் பதிலா இதைப் போடலாம்.

*முதல்ல ஆள் யாருன்னு பார்த்துடுவோம்*

திருக்குவளையில் 1934இல் பிறந்தவர். பத்திரிகையாளர், திரைக்கதை வசனம் எழுதியவர், படத் தயாரிப்பாளர். 1967 பொதுத்தேர்தலில் தென்சென்னை மக்களவைத் தொகுதியில் வென்றவர் பேரறிஞர் அண்ணா. தமிழ்நாட்டின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றதால் அந்த இடத்தை அண்ணா விட்டுக் கொடுக்க, இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து டெல்லிக்குப் போனவர் மாறன். அண்ணா உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலியில் முப்பதைத் தாண்டியிருந்த ஓர் இளைஞர்!

1971இல் மறுபடியும் தென்சென்னை. 1977 முதல் 1995 வரை மாநிலங்களவை. 1996, 1998, 1999 மூன்று தேர்தல்களிலும் மத்திய சென்னை. இடையில் ஒரு சின்ன இடைவெளி நீங்கலாக, 2003 நவம்பர் 23இல் கண் மூடும் வரை நாடாளுமன்ற உறுப்பினர். வி.பி.சிங், தேவகவுடா, குஜ்ரால், வாஜ்பாய் என்று நான்கு பிரதமர்களின் அமைச்சரவையில் இருந்தவர்.

"கலைஞரோட மருமகன், அதனாலதானே?" என்று கேட்பாங்க. மருமகன்தான். மறைக்க என்ன இருக்கு? ஆனா உறவு உங்களைச் சபைக்குள்ளே கொண்டுபோய் விடலாம். 142 நாட்டு அமைச்சர்கள் உட்கார்ந்திருக்கிற ஒரு ஹாலில், விடிய விடிய நடக்கிற பேச்சுவார்த்தையில், உறவு உங்களுக்காக வாயைத் திறந்து பேசாது. அங்கே படிச்சது மட்டும்தான் பேசும்.

*1999: உட்கார்ந்த நாற்காலியே முள் நாற்காலி*

1999 அக்டோபரில் வாஜ்பாய் அமைச்சரவையில் வர்த்தகம் மற்றும் தொழில்துறை அமைச்சர் ஆகிறார். பதவியேற்ற உடனே அவர் மடியில் வந்து விழுந்தது ஒரு தோல்வி. அவர் தோற்றதில்லை, இந்தியா ஏற்கெனவே தோற்றிருந்த வழக்கு.

விஷயம் இதுதான். வெளிநாட்டுப் பொருட்கள் இவ்வளவுதான் உள்ளே வரலாம் என்று இந்தியா பல பொருட்களுக்கு அளவுக் கட்டுப்பாடு வைத்திருந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடி என்பது காரணம். "இப்போ உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை, எடுங்க" என்று அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 1999 ஆகஸ்ட்டில் மேல்முறையீட்டிலும் இந்தியாவுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. இரண்டு மாதம் கழித்துப் பொறுப்புக்கு வந்த மாறன்தான் அதை நடைமுறைப்படுத்த வேண்டியிருந்தது. 2000 ஏப்ரல் 1இல் 714 பொருட்கள், 2001 ஏப்ரல் 1இல் 715 பொருட்கள். கதவு திறந்தது.

நாடாளுமன்றத்தில் விவசாயிகள் பெயரால் கேள்விமேல் கேள்வி. அந்தக் கேள்விகள் நியாயமானவை. தேங்காய்க்கு என்ன ஆகும்? தேயிலைக்கு என்ன ஆகும்? பொள்ளாச்சிக்காரனும் கோத்தகிரிக்காரனும் கேட்ட கேள்விதான் அது.

இங்கே கொஞ்சம் டெக்னிக்கல் விஷயம். உலக வர்த்தக அமைப்பில் ஒவ்வொரு நாடும் "இந்தப் பொருளுக்கு இதற்கு மேல் வரி போட மாட்டேன்" என்று ஓர் உச்சவரம்பை ஒப்புக்கொண்டிருக்கும். நடைமுறையில் போடும் வரி அதைவிடக் குறைவாக இருக்கலாம். உச்சவரம்பு 100, நாம் போடுவது 35 என்றால், நடுவில் 65 நமக்குக் கையிருப்பு. அளவுக் கட்டுப்பாடு போனாலும் அந்தக் கையிருப்பைப் பயன்படுத்தலாம். அப்படித்தான் 2001 பட்ஜெட்டில் தேயிலை, காபி, தேங்காய், கொப்பரைக்கான இறக்குமதி வரி 35 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்ந்தது. கூடவே 300 முக்கியமான பொருட்களின் இறக்குமதி கூடுதா குறையுதா என்று கண்காணிக்க "வார் ரூம்" ஒன்றை மாறன் அமைத்தார்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. தேயிலை விவசாயி அந்தக் காலத்தில் பட்ட பாட்டை நீலகிரியில் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அதை மறைத்து எழுதினா நான் பொய்யன். ஆனா அந்த அனுபவம் மாறனுக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்தது என்பது என் எண்ணம். ஒப்பந்தத்தில் ஒரு தடவை கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு நாடாளுமன்றத்தில் எவ்வளவு கத்தினாலும் பயன் குறைவு. கத்த வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்னாடியே கத்தணும்.

அதே 1999 நவம்பர் கடைசியில் அமெரிக்காவின் சியாட்டிலில் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாடு. இந்தியக் குழுவின் தலைவர் மாறன். வெளியே தெருவில் போராட்டம், கண்ணீர்ப்புகை. உள்ளே, தொழிலாளர் தரத்தை வர்த்தகத்தோடு முடிச்சுப் போட வேண்டும் என்று அமெரிக்கா நின்றது. கேட்க நல்லாத்தானே இருக்கு? தொழிலாளிக்கு நல்லது செய்யச் சொல்றாங்கன்னு தோணும். ஆனா அந்த முடிச்சு விழுந்தால், திருப்பூர் பனியனை நிறுத்த அவங்க கையில் ஒரு சாக்கு கிடைக்கும். தொழிலாளர் உரிமைக்கு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இருக்கிறது, அங்கே பேசுவோம், சந்தைக் கதவைச் சாத்தும் கருவியாக அதை ஆக்காதே என்பது இந்தியாவின் நிலை. வளரும் நாடுகள் பலவும் அதே பக்கம் நின்றன. சியாட்டில் மாநாடு ஒன்றும் முடிவாகாமலே கலைந்தது.

*2001 நவம்பர்: தோஹா*

அடுத்த மாநாடு கத்தார் தலைநகர் தோஹாவில், 2001 நவம்பர் 9 முதல். காலத்தைக் கவனிங்க. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து இரண்டே மாதம். "இப்போ உலகம் ஒற்றுமையா நிற்கணும், புதிய வர்த்தகப் பேச்சுவார்த்தையைத் தொடங்கியே ஆகணும், இதை எதிர்க்கிறவன் உலகத்துக்கே எதிரி" என்கிற மாதிரி ஒரு சூழல். அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரே குரலில் இருந்தன.

அவங்க மேசையில் வைத்ததில் நான்கு விஷயங்களுக்கு "சிங்கப்பூர் விவகாரங்கள்" என்று பெயர். 1996 சிங்கப்பூர் மாநாட்டில் எழுந்ததால் அந்தப் பெயர். வெளிநாட்டு முதலீடு, நிறுவனங்களுக்கு இடையிலான போட்டிக் கொள்கை, அரசுக் கொள்முதல், வர்த்தக நடைமுறைகளை எளிமையாக்குவது. எளிமையா சொல்றேன். எந்த வெளிநாட்டுக் கம்பெனியை எந்த நிபந்தனையோடு உள்ளே விடணும், அரசாங்கம் யார்கிட்ட பொருள் வாங்கணும் என்பதெல்லாம் இனி உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி நடக்கும் நிலை வரும். உள்ளூர் சிறுதொழிலுக்கு முன்னுரிமை கொடுக்கிறேன் என்று ஒரு மாநில அரசு சொன்னால், அதுகூட ஜெனீவாவில் வழக்காகலாம்.

மாறன் எழுந்து பேசினார். வரைவு அறிக்கையில் வளரும் நாடுகள் சொன்னது எதுவும் இல்லை, இது நியாயமும் இல்லை என்றார். உலக வர்த்தக அமைப்பு உலக அரசாங்கம் அல்ல, ஒரு நாட்டின் அரசும் நாடாளுமன்றமும் முடிவு செய்ய வேண்டியதை அது எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அவர் அங்கே சொன்ன கருத்து.

உடன்பிறப்பே, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கோங்க. நாடாளுமன்றம்! வெளிநாட்டு மண்ணில், பொருளாதார மாநாட்டில், அவர் நாடாளுமன்றத்தின் உரிமையைப் பேசினார். 1974இல் "மாநில சுயாட்சி" என்று ஒரு புத்தகமே எழுதிய மனிதர். கீழே இருப்பவனின் அதிகாரத்தை மேலே இருப்பவன் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று டெல்லியிடம் வாதாடிப் பழகியவர், தோஹாவில் அதே வாதத்தை உலகத்திடம் வைத்தார். சென்னை டெல்லியிடம் கேட்டதை, டெல்லி ஜெனீவாவிடம் கேட்டது. கேட்ட ஆள் ஒரே ஆள்.

மாநாடு 13ஆம் தேதி முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஒரு நாள் நீண்டது. மற்ற நாடுகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன, சில நாடுகளுக்கு அவற்றுக்கு வேண்டிய சலுகைகள் கிடைத்தன. கடைசியில் ஏறக்குறைய தனியாக நின்றது இந்தியா. "மாநாட்டைக் கெடுக்கிற நாடு" என்று மேலைநாட்டுப் பத்திரிகைகள் திட்டின. நம்ம நாட்டிலும் "உலகத்தில் இந்தியாவைத் தனிமைப்படுத்திட்டார்" என்று எழுதினாங்க.

அவருக்குக் கிடைத்தது என்ன? ஒரு சொல். "வெளிப்படையான கருத்தொற்றுமை". அடுத்த மாநாட்டில் இந்த நான்கு விஷயத்தையும் பேச எல்லா நாடுகளும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால்தான் பேச்சுவார்த்தை தொடங்கும். அந்தச் சொல்லுக்கு நாளைக்கு வேறு அர்த்தம் சொல்லிடக் கூடாது என்பதற்காக, மாநாட்டுத் தலைவரான கத்தார் அமைச்சர் யூசுப் ஹுசைன் கமால் எழுந்து ஒரு விளக்கம் படித்தார்: எந்த ஓர் உறுப்பு நாடும் ஒப்பவில்லை என்றால் பேச்சுவார்த்தை நகராது. அந்த விளக்கத்தைக் கேட்டு வாங்கியது இந்தியா. அதற்குப் பிறகுதான் இந்தியா தலையசைத்தது.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். எங்க பாஷையில் சொன்னால், சிஸ்டத்தை அவரால் நிறுத்த முடியவில்லை. ஆனா உள்ளே ஒரு ஸ்விட்ச் வைத்துவிட்டு வந்தார்.

இரண்டு வருஷம் கழித்து, 2003 செப்டம்பரில் மெக்சிகோவின் கான்கூனில் அடுத்த மாநாடு. மாறன் அப்போது நோய்ப்படுக்கையில். இந்தியாவின் சார்பில் போனவர் வேறொரு அமைச்சர், அருண் ஜேட்லி. ஆனா ஸ்விட்ச் வேலை செய்தது. சிங்கப்பூர் விவகாரங்களில் கருத்தொற்றுமை வரவில்லை, மாநாடு முறிந்தது. 2004 ஆகஸ்ட் 1இல் ஜெனீவாவில் எடுத்த முடிவில், நான்கில் மூன்று விவகாரங்கள் தோஹா பேச்சுவார்த்தைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன. மிஞ்சியது வர்த்தக நடைமுறை எளிமையாக்கல் ஒன்று மட்டும். அதைப் பார்க்க மாறன் உயிரோடு இல்லை.

*எங்க பெரியம்மாவின் மாத்திரை*

இப்போ எனக்கு நெருக்கமான விஷயத்துக்கு வர்றேன்.

எங்க பெரியம்மாவுக்கு ஒரு வகை ரத்தப் புற்றுநோய். ஆறு வருஷமா தினம் ஒரு மாத்திரை. இமாட்டினிப் என்று பெயர். காலைல சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுட்டு, வாசல்ல கோலம் சரியில்லைன்னு எங்க அண்ணியைத் திட்டுற அளவுக்கு நல்லா இருக்காங்க. இந்த மருந்தின் ஒரிஜினல் கம்பெனி விலை ஒரு காலத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் தயாரித்தது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 1,20,000 என்றால் எங்க வீட்டில் முதல் மாதம் நகை போயிருக்கும், இரண்டாவது மாதம் வீடு போயிருக்கும். மூன்றாவது மாதத்தை நான் எழுத விரும்பல.

இதுக்கும் தோஹாவுக்கும் என்ன சம்பந்தம்?

2001இல் ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் கொத்துக் கொத்தாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. மேலைநாட்டுக் கம்பெனிகளின் மருந்து ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல். அந்த ஆண்டு பிப்ரவரியில் இந்தியாவின் சிப்ளா 350 டாலருக்குத் தருகிறேன் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் சொன்னது. காப்புரிமை என்கிற பெயரில் இதைத் தடுக்கலாமா கூடாதா என்பதுதான் தோஹாவில் பெரிய கேள்வி. ஆப்பிரிக்க நாடுகள், பிரேசில், இந்தியா ஒரு பக்கம். அமெரிக்கா, சுவிட்சர்லாந்து போன்றவை மறுபக்கம். இதில் ஒரு வேடிக்கை: அதற்கு முந்தின மாதம்தான் ஆந்த்ராக்ஸ் பீதியில், தனக்கு வேண்டிய மருந்தின் காப்புரிமையை மீறுவேன் என்று அமெரிக்காவே மிரட்டியிருந்தது!

2001 நவம்பர் 14இல் தோஹா பிரகடனம் வந்தது. காப்புரிமை ஒப்பந்தம், ஒரு நாடு தன் மக்களின் சுகாதாரத்தைக் காக்க எடுக்கும் நடவடிக்கைக்குத் தடையாக இருக்காது, இருக்கவும் கூடாது. கட்டாய உரிமம் வழங்க ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு. இது மாறன் ஒருவரின் வெற்றி இல்லை. ஆப்பிரிக்க அமைச்சர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனா அந்த அணியில் இந்தியாவின் குரல் ஒரு தமிழனின் குரல்.

பேசிட்டு வந்ததோடு நிற்கவில்லை. 2002இல் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. துறை அமைச்சர் மாறன். இரு அவைகளின் கூட்டுக்குழு பரிசீலித்த மசோதா அது. கட்டாய உரிமம் பற்றிய 84ஆம் பிரிவும், எய்ட்ஸ், காசநோய், மலேரியா போன்ற பொதுச் சுகாதார நெருக்கடியில் அரசு உடனே உரிமம் வழங்கலாம் என்கிற 92ஆம் பிரிவும் இன்றைய வடிவத்துக்கு அதில்தான் வந்தன.

2012 மார்ச்சில் அந்த 84ஆம் பிரிவின் கீழ்தான், மாதம் 2,80,000 ரூபாய் விலையில் இருந்த ஒரு புற்றுநோய் மருந்தை 8,880 ரூபாய்க்கு விற்க ஓர் இந்தியக் கம்பெனிக்கு உரிமம் கிடைத்தது.

பெரியம்மாவின் மருந்துக்கு வேறு பாதை. பழைய மருந்தையே கொஞ்சம் மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் பிரிவு 3(டி), 2005இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியில் வந்தது. இடதுசாரித் தோழர்கள் அழுத்தம் கொடுத்து வலுவாக்கிய சட்டம், அந்தப் பெருமையை அவர்களுக்குக் கொடுத்துடணும். 2006இல் நம்ம சென்னை காப்புரிமை அலுவலகம் அந்தக் கம்பெனியின் விண்ணப்பத்தை நிராகரித்தது. கம்பெனி அந்தப் பிரிவே செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் போனது, 2007இல் தோற்றது. 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. அந்தச் சட்டம் நிற்பதற்கான இடத்தை உலக அரங்கில் உறுதி செய்ததில் தோஹா பிரகடனத்துக்குப் பங்கு உண்டு.

வெளியுறவு என்றால் கோட்டு சூட்டு போட்டுக் கை குலுக்குற போட்டோ என்று நினைக்கிற நண்பர்களே, எங்க வீட்டில் வெளியுறவு பிரிட்ஜ் மேல ஒரு மாத்திரை அட்டையா இருக்கு.

*சரி, எதிர்க்கேள்விகள்*

"பா.ஜ.க. அமைச்சரவையில்தானே இருந்தார்?" ஆமாம். 1999 முதல் 2003 வரை கழகம் அந்தக் கூட்டணியில் இருந்தது. அது சரியா தப்பா என்று நமக்குள்ளேயே விவாதம் உண்டு. நான் இங்கே சொல்வது கூட்டணிக் கணக்கு இல்லை. கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் செய்த வேலை.

"தோஹாவில் கடைசியில் ஒப்புக்கொண்டார்தானே?" ஒப்புக்கொண்டார். புதிய பேச்சுவார்த்தையே வேண்டாம் என்று போனவர், நிபந்தனையோடு சம்மதித்துத் திரும்பினார். முழு வெற்றி என்று சொன்னால் அது நம்ம போஸ்டர் மொழி. ஆனா எதிரே இருந்தவங்க கேட்டதில் மூன்றில் பங்கு கூட இந்த வழியில் நிறைவேறலை என்பதும் வரலாறு.

"அவர்தானே 2000இல் சிறப்புப் பொருளாதார மண்டலக் கொள்கையைக் கொண்டு வந்தார்? அப்போ முதலாளிகளுக்கு ஆதரவா?" கொண்டு வந்தார். உலகத்தோடு வியாபாரமே வேண்டாம் என்று சொன்ன ஆள் இல்லை அவர். ஏற்றுமதி வளரணும், தொழிற்சாலை வரணும், ஆனா விதியை எழுதும்போது நம்ம கையிலும் பேனா இருக்கணும் என்றார். இது இரண்டும் முரண்பாடு என்று எனக்குத் தோணலை.

*இப்போ ஏன் இதைச் சொல்றேன்?*

அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை எடுத்துப் பாருங்க. ஒன்றியப் பட்டியலில் 14ஆவது: வெளிநாடுகளோடு ஒப்பந்தம் செய்வது, அதை நிறைவேற்றுவது. மாநிலப் பட்டியலில் 14ஆவது: விவசாயம். எண் ஒன்று, பட்டியல் வேறு. விவசாயம் மாநிலத்துடையது. ஆனா விவசாயத்தைப் பாதிக்கிற ஒப்பந்தத்தை ஒன்றிய அரசு யாரையும் கேட்காமல் போடலாம். 253ஆவது பிரிவின்படி அதை நிறைவேற்ற நாடாளுமன்றம் மாநில விவகாரத்திலும் சட்டம் போடலாம். மீன்வளம், பொதுச் சுகாதாரம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அதைவிட மோசம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நாடாளுமன்றத்தின் ஒப்புதலே நம்ம நாட்டில் கட்டாயம் இல்லை. பிரிட்டனில் ஓர் ஒப்பந்தம் உறுதி செய்யப்படும் முன் 21 அமர்வு நாட்கள் நாடாளுமன்றத்தின் முன் வைக்கணும் என்று சட்டம் இருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வர்த்தக ஒப்பந்தத்துக்கு ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சம்மதம் வேணும். நமக்கு? கையெழுத்தான பிறகு அமைச்சர் வந்து ஓர் அறிக்கை வாசிப்பார். கச்சத்தீவு ஒப்பந்தத்தில் 1974 ஜூனில் கையெழுத்தானது, மக்களவையில் அறிக்கை வாசிக்கப்பட்டது ஜூலையில். அன்னைக்கு நம்ம இரா.செழியன் சபையில் எழுந்து எதிர்த்தார். எதிர்த்தது பதிவாச்சு. ஒப்பந்தம் ஏற்கெனவே முடிஞ்சு போச்சு. ராமேஸ்வரத்துக்காரன் இன்னும் அதுக்கு விலை கொடுத்துக்கிட்டு இருக்கான்.

2025 ஜூலை 24இல் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அவங்க அரசாங்கக் கொள்முதலில்கூட பிரிட்டன் கம்பெனிகளுக்கு இடம் கேட்டாங்க, நாம கொடுத்திருக்கோம். தோஹாவில் மாறன் சாத்திய கதவுகளில் அதுவும் ஒன்று. அது நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். என் கேள்வி, அந்த விவாதம் நம்ம சபையில் கையெழுத்துக்கு முன்னாடி நடந்துச்சா என்பதுதான். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்ப திருப்பூரில் ஆர்டர் நின்னுச்சு. அந்த நெசவு, தையல், சாயப்பட்டறைத் தொழிலாளிக்கு வெளியுறவு புரியாதுன்னு இனி யாரும் சொல்ல முடியாது.

ஆக, வெளியுறவு விவாதம் மாநிலக் கட்சிக்கு எதுக்குன்னு கேட்ட நண்பனுக்கு என் பதில் இதுதான். அடி விழுவது மாநிலத்தில். அதனால பேச வேண்டியதும் மாநிலத்திலிருந்து போனவன்தான்.

நம்ம எம்.பி.க்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள், கட்சித் தொண்டன் என்கிற உரிமையில். வெளிநடப்பு தேவைப்படும்போது செய்யுங்க. ஆனா எந்த வர்த்தக ஒப்பந்தமும் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்படாமல் நிறைவேறக் கூடாது, பாதிக்கப்படும் மாநிலத்தைக் கேட்காமல் கையெழுத்தாகக் கூடாது என்று ஒரு தனிநபர் மசோதாவை ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கொண்டு வாங்க. தோற்கும். தோற்கட்டும். பதிவாகும்.

நம்ம ஆளுங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மீம் போடுங்க, நானும் போடுவேன், அது நம்ம ரத்தத்துல ஊறினது. ஆனா வாரத்தில் ஒரு நாள் நாடாளுமன்ற இணையதளத்துக்குப் போங்க. கேள்வி நேரம், அதுக்கு வந்த பதில், நிலைக்குழு அறிக்கை எல்லாம் இலவசமா கிடக்கு. உங்க தொகுதி எம்.பி. என்ன கேட்டார், அமைச்சர் என்ன மழுப்பினார் என்று படிச்சு, நாலு வரி தமிழில் எழுதிப் போடுங்க. நம்ம எம்.பி. ஒண்ணுமே கேட்கலைன்னா அதையும் அவருக்கே நேராச் சொல்லுங்க. மாறனை மதிக்கிற முறை அதுதான்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் குரூப்? இதைத்தான் நேத்து ராத்திரி போட்டேன். 36 லைக் வரலை, நாலுதான் வந்துச்சு. வடை கேட்ட நண்பன் மட்டும் தனியா மெசேஜ் பண்ணான்: "உங்க பெரியம்மா இப்போ எப்படிடா இருக்காங்க?"

நல்லா இருக்காங்க நண்பா.

சரின்னு பட்டா பகிருங்க, தப்பு இருந்தா கமெண்ட்ல திருத்துங்க.

– தகவல் தொழில்நுட்ப அணித் தொண்டன்

#முரசொலிமாறன் #தோஹா2001 #மாநிலசுயாட்சி #நாடாளுமன்றத்தில்பேசு